சோடா பத்தலை

"மண்ணைப் போட்டு மூடிடலாம்" என்று செயலாளர் சொன்னது நீச்சல் குளத்தைத்தான். தையல்காரிக்கு அது தன் தங்கையின் வாயில் மண்ணைப் போடுவதாகக் கேட்டது.

"மூடுங்க பாக்கலாம்," என்றாள்.

குடியிருப்போர் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கிழிந்த சட்டையையும் தொளதொளத்த பாவாடையையும் அவளிடம் கொடுத்துவிடாத வீடு அங்கே இல்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் மிஷினை மிதிக்கிறவள் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

செயலாளர் கெட்டவர் அல்ல. எதற்கெடுத்தாலும் "சட்டப்படி" என்பார், அவ்வளவுதான். கார் நிறுத்த இடமில்லை என்று தினம் யாராவது அவர் கதவைத் தட்டினார்கள். குளமோ பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்து, இலை அழுகி, பாசி படர்ந்து, கொசுக்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியாக ஆகியிருந்தது. அதைத் தூர்த்தால் எல்லாக் காருக்கும் இடம் கிடைக்கும். கணக்குச் சரிதான். கணக்கில் வராத ஆள் ஒருத்தி இருந்தாள்.

அவள்தான் தையல்காரியின் தங்கை. துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்த்தவள். மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு முறிந்து, உள்ளே தகடு வைத்து, இப்போது நாலு கால் கம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே நகர்கிறாள். "நெஞ்சளவு தண்ணியில தினமும் நடக்கணும். தரையில இடுப்பு பாரம் தாங்காது, தண்ணி தாங்கும்," என்றார் டாக்டர். வேறு குளம் இருந்தது ஊரின் மறுகோடியில். பஸ் படி ஏற முடிந்தவளுக்குக் குளமே தேவையில்லையே.

குளத்தைத் தானே சுத்தம் செய்து காட்டுவதாகத் தையல்காரி சொன்னாள். கடைசியில் கூட்டம் ஒரு முடிவுக்கு வந்தது. செயலாளரே சொன்னார்: "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து பாப்போம். அடியில இருக்கிற வடிகால் மூடி கண்ணுக்குத் தெரியணும். தெரிஞ்சா குளம் இருக்கட்டும். தெரியலன்னா மறுநாள் மண் லாரி. சட்டப்படி இதுதான் நியாயம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கை சிரித்தாள். "ஏன்க்கா, நீ குளிக்கவே ஆயிரம் சாக்குச் சொல்லுவ. நீ போய்க் குளத்தைக் குளிப்பாட்டப் போறியா?"

"வாயை மூடுடி. நீ நடந்து காட்டினா போதும்."

குளத்து மருந்து விற்கும் கடைக்காரர் பொறுமைசாலி. கடைக்குள் நுழைந்ததுமே அவள் குளோரின் கேட்டாள். அவர் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் அதைத்தான் முதல்ல கேப்பாங்கம்மா. முதல்ல அழுக்கை அள்ளுங்க, சுவரைத் தேய்ங்க, மோட்டார் ஓடட்டும். அப்புறம் தண்ணியோட காரத்தன்மையைச் சரி பண்ணுங்க."

"காரமா? மிளகாயா போடணும்?"

"இது நாக்குக் காரம் இல்லம்மா," என்று சிரித்தார். "தண்ணிக்கு ஒரு நிதானம்னு வெச்சுக்கோங்க. நிதானம் இல்லாத தண்ணியில எந்த மருந்தும் நிக்காது. இன்னைக்குப் புளிப்புப் பக்கம் சாயும், நாளைக்கு அந்தப் பக்கம் சாயும். அதுக்கு சோடா போடணும். கொஞ்சம் போட்டு, சுத்த விட்டு, சோதிச்சுப் பாத்து, மறுபடி கொஞ்சம். குளோரின் பொழுது சாஞ்ச பிறகு. பகல்ல போட்டா வெயிலே தின்னுடும்."

அவர் சொன்னது சமையல் சோடா. பையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் வீட்டில் பாதிப் பெயர் சொல்லித்தானே பழக்கம்? அவளும், உதவிக்கு வந்த குடியிருப்பு வாட்ச்மேனும் அதைச் சோடா என்றே சொல்லிக்கொண்டார்கள்.

வாட்ச்மேன் வலைக் கரண்டியால் இலையை அள்ளினார். அவள் நீளப் பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்தாள். தவளைகளைப் பிடித்து வாளியில் போட்டு வேலிக்கு அப்பால் விட்டாள். அவையும் குடியிருந்தவைதானே என்று ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்டாள். தினமும் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டாள். எத்தனையோ துணிக்கு நூல் நிறம் பொருத்திய கண், அதில் பிசகவில்லை. கரும்பச்சை இளம்பச்சையானது. பிறகு சாம்பல். பிறகு ஒருநாள் சாயங்காலம், யாரோ திரையை விலக்கியதுபோல் நீலம் எட்டிப் பார்த்தது. அடியில் வடிகால் மூடி நிழலாகத் தெரிந்தது.

கெடுவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, மாடிப்படி அருகே நின்று வாட்ச்மேனிடம் சொன்னாள்: "முக்கால் கிணறு தாண்டியாச்சுண்ணே. சோடாதான் கொஞ்சம் பத்தலை. காலைல கடை தொறந்ததும் வாங்கிப் போட்டா முடிஞ்சுது."

ஞாயிறு காலை அவள் வந்து பார்த்தபோது குளம் முழுக்கப் பால்.

நீலமும் இல்லை, நிழலும் இல்லை. சுவரோரம் கைவிட்டால் விரல் தெரியவில்லை. வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "விடியக்காலைல செயலாளர் வீட்டம்மா வந்து என்னமோ கொட்டிட்டுப் போனாங்க. நான் கேக்கறதுக்குள்ள போயிட்டாங்க."

மோட்டார் அறைக் குப்பைத்தொட்டியில் காலிப் பைகள் கிடந்தன. எடுத்துப் பார்த்தாள். சலவை சோடா.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். "அடடா! அது வேற, இது வேறம்மா. சலவை சோடா போட்டா தண்ணி காரப் பக்கம் ஒரேயடியா ஏறிடும். தண்ணியில இருக்கிற சுண்ணாம்பெல்லாம் வெள்ளையா வெளிய வந்துடும். பயப்படாதீங்க. ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு இறக்கலாம், வடிகட்டி மிச்சத்தை இழுத்துடும். ஆனா இன்னைக்கே ஆகாது."

அவள் செயலாளர் வீட்டுக்குப் படியேறிய வேகத்தில் செருப்பு ஒன்று கீழேயே தங்கிவிட்டது. புருஷன் மண்ணைப் போடப் பார்க்கிறார், பெண்டாட்டி சோடாவைப் போட்டுவிட்டாள். நல்ல ஜோடி! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த வீட்டம்மா உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"போட்டுட்டேன்! பாத்தீங்களா? நேத்து மாடிப்படில பேசினது காதுல விழுந்துது. சோடா பத்தலைன்னு சொன்னீங்கல்ல? கடை தொறக்க நேரமாகுமேன்னு வீட்ல இருந்ததை எல்லாம் கரைச்சு ஊத்திட்டேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்க தங்கச்சி ஜன்னல்ல உக்காந்து தெருவையே பாத்துட்டிருக்கா. எனக்கு மனசு கேக்கல."

தையல்காரி கொண்டுவந்த நாலு வார்த்தையும் தொண்டையிலேயே கரைந்தன. அந்தக் கை ஈரமாக இருந்தது. சோடா பட்டு விரல் நுனி சிவந்திருந்தது.

"நல்ல மனசும்மா உங்களுக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

இறங்கும்போது ஒரு யோசனை வராமலில்லை. கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: உங்கள் வீட்டுக்காரிதான் கெடுத்தாள். செயலாளரின் வாய் அங்கேயே அடைபட்டுவிடும். ஆனால் நல்லது நினைத்து வந்த ஒருத்தியை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்து வாங்கும் குளத்தில் தங்கை எப்படி நடப்பாள்? கடவுள் உதவியை எப்போதும் சரியான பையில் கட்டி அனுப்புவதில்லை. அதற்காக அனுப்பியவரைக் குறை சொல்லலாமா?

குளத்தோரம் கூட்டம் கூடிவிட்டது. செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"குளத்துக்குப் பால் ஊத்தியாச்சு போல," என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். "இனிமே மண்ணைப் போட வேண்டியதுதான் பாக்கி. என்னம்மா ஆச்சு?"

"சோடா மாறிப்போச்சு சார். நான்தான் பொறுப்பு. ஒரு வாரம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

"பேச்சுன்னா பேச்சும்மா. மூடி தெரியல. சட்டப்படி..."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆழமில்லாத பக்கத்துப் படிகளில் இறங்கி, இடுப்பளவு வெள்ளைத் தண்ணீரில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது! எழுந்து வாங்க!"

"மண் லாரி வரட்டும் சார். முதல் கூடையை என் தலையில கொட்டச் சொல்லுங்க. என் தங்கச்சி நடக்கறவரைக்கும் இந்தக் குளம் குளமாத்தான் இருக்கும்."

"மிரட்டறீங்களா?"

"மிஷின் மிதிக்கிறவ சார் நான். மிரட்டத் தெரியாது. உக்காரத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. செயலாளர் வீட்டம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீரைப் பார்த்தாள், அதில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தாள். விஷயம் புரிந்து முகம் வெளுத்தது. அவள் தயங்கியது ஒரு மூச்சு நேரம்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கல்யாணமான நாள் முதல் புருஷன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவள், படியில் இறங்கித் தையல்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏய், நீ எங்க இறங்கற?" என்றார் செயலாளர்.

"சோடாவைக் கொட்டினது நான்தாங்க. இவங்க என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாங்க."

"நீயா? உனக்கெதுக்கு இந்த வேலை?"

"உங்க சட்டையை வெளுக்கிறப்ப எதுக்குன்னு கேட்டீங்களா? குளத்தையும் வெளுக்கலாம்னு பாத்தேன். கொஞ்சம் அதிகமா வெளுத்துப்போச்சு." அவள் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. "லாரிக்காரன்கிட்ட ரெண்டு கூடைன்னு சொல்லிடுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "மூணாச் சொல்லுங்கப்பா," என்று வேட்டியை மடித்துக் கட்டினார். "நனையாதீங்க தாத்தா, ஜுரம் வரும்," என்று யாரோ பிடித்து நிறுத்தினார்கள். சிரிப்பு வெடித்தது, இந்த முறை வேறு சிரிப்பு. கார் வைத்திருப்பவர்களே, "ஒரு வாரம்தானே சார், குடுங்க," என்றார்கள்.

செயலாளர் படியோரம் வந்து மனைவியிடம் கையை நீட்டினார். "எழுந்து வா. சளி பிடிக்கும்," என்றார். பிறகு, போனை எடுத்து லாரிக்காரனிடம் வரவேண்டாம் என்றார்.

இருவரும் கரையேறிய பிறகுதான் மருந்து வேலை தொடங்கியது. வாட்ச்மேன் கையுறை போட்டு, வாளித் தண்ணீரில் ஆசிட்டைக் கலந்து, மோட்டார் ஓட ஓடச் சிறிது சிறிதாக விட்டார். தையல்காரி சோதித்துச் சோதித்துப் பார்த்தாள். வடிகட்டி வெள்ளையை இழுத்தது. கழுவக் கழுவ மறுபடி இழுத்தது. வார நடுவில் பால் நீர்த்த மோரானது. அதற்குப் பின் வடிகால் மூடியின் ஒவ்வொரு துளையும் தெரிந்தது. சோதனைக் குழாயில் எல்லா நிறமும் அட்டையோடு ஒத்துப்போன அன்று தங்கையைக் கம்பி வண்டியோடு அழைத்து வந்தாள்.

"ஐயோ, ஜில்லுன்னு இருக்குக்கா! என்னைக் கொல்லவா இவ்வளவு பாடுபட்ட?"

"பேசாம இறங்குடி."

அக்கா ஒரு கையையும் வீட்டம்மா ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, தங்கை படிப்படியாக இறங்கினாள். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. ஓர் அடி வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று. எதிர்ச்சுவர் வெகுதூரத்தில் இருந்தது.

"கையை விடுங்க ரெண்டு பேரும்," என்றாள்.

"விழுந்திடுவடி."

"விழுந்தா தண்ணியிலதானே விழுவேன்? விடுக்கா."

வீட்டம்மா முதலில் விட்டாள். அக்காவின் விரல்கள் மெல்ல, மனமில்லாமல், ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தங்கை திரும்பிப் பார்க்காமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எதிர்ச்சுவரை நோக்கிப் போனாள்.