பன்னிரண்டு கசடுக் கரண்டிகள்

அலுமினியம் உருக்கும் அந்தப் பட்டறையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவன் ‘கரண்டி’தான். பழைய மண்வெட்டித் தகட்டை வட்டமாக வெட்டி, சல்லடை போலத் துளை போட்டு, லேசாகக் குழித்து, நீளக் கம்பியில் பற்றவைத்து அவன் செய்கிற கரண்டியால்தான் உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் கசடை வழித்தெடுப்பார்கள். கடையில் வாங்கினால் பத்து நாளில் பல்லிளித்துவிடும். இவனுடையது ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஒரு மாதம் உழைக்கும். அந்தக் கெட்டிக்காரத்தனமே அவனுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

பட்டறை மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. குடியிருந்ததும் பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில்தான். ஆறு வருடம்! ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். மேலே அவள் இருமினால் கீழேயிருந்து மச்சான், “என்னம்மா, தண்ணி குடி” என்பார். நிம்மதியாக இருமக்கூட வழியில்லாத வாழ்க்கை.

ஊரின் மறுகோடியில் ஒரு லேத் பட்டறையில் அவனுக்கு வேலை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். தங்க வீடும் உண்டு. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். இதேபோல இரண்டு வேலை ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தது.

போகாதே என்று மச்சான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“தாராளமா போ மாப்ளே. உன்ன யாரு கட்டியா வச்சிருக்கா? ஒரு டஜன் கரண்டி மட்டும் செஞ்சு வச்சிட்டுப் போ.”

செய்து வைப்பான். அவன் பெட்டி கட்டுவதற்குள் ஆட்கள் அதைக் கொண்டு கரியைக் கிளறுவார்கள், கதவுக்கு முட்டுக் கொடுப்பார்கள், உருக்கும் பானைக்குள்ளேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அலுமினியம் இரும்பைத் தின்று தீர்த்துவிடும். மறுபடியும் ஒரு டஜன்.

இந்தத் தடவை அவனுக்குப் பொறுமை போய்விட்டது. மட்டமாகச் செய்தால் என்ன ஆகும்? மச்சான் வாய்க்கு வந்தபடி திட்டுவார். “உன் கையே போச்சுய்யா, எங்கயாவது போய்த் தொலை” என்பார். அந்த ஒரு வார்த்தை போதும், சந்தோஷமாகக் கிளம்பிவிடலாம். வெள்ளிக்கிழமை எண்ணெய் டின்னின் தகரத்தை வெட்டினான். பற்றவைப்பை ஒப்புக்கு இரண்டு பொட்டோடு நிறுத்தினான். சனிக்கிழமை காலையில், அந்த லட்சணம் வெளியே தெரியாதபடி சுண்ணாம்புக் குழம்பைத் தடிமனாக அப்பி, பன்னிரண்டையும் சுவரில் மாட்டினான்.

உலோகம் ஒட்டாமலிருக்கச் சுண்ணாம்பு எப்போதும் பூசுவதுதான். ஆனால் ஒரு நாள் வெயிலிலும், பிறகு உலை வாயிலும் காயவைக்காமல் அவன் எதையும் மாட்டியதில்லை. ஈரக் கரண்டி உள்ளே முங்கினால் உருகிய உலோகம் வெடித்து முகத்தில் தெறிக்கும். ஏமாற்றுகிற மும்முரத்தில், ஆறு வருடத்தில் முதல் முறையாக, அது அவனுக்கு மறந்தே போயிற்று.

அன்று பார்த்து மச்சானே கசடு வழிக்க வந்தார். முகக்கவசம் போடமாட்டார். போட்டால் பேச முடியாதாம்.

“என்ன மாப்ளே, கரண்டியெல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு!” என்று ஒன்றை உருவிக்கொண்டு உலைக்குப் போனார்.

கரண்டியின் தலை உலோகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தபோதுதான் அவன் பார்த்தான். துளையிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு நீண்டு தொங்கியது.

“மச்சான்! ஈரம்!”

பாய்ந்து கம்பியைப் பிடித்து இழுத்தான். கரண்டி தரையில் விழுந்து, தலை தனியாகக் கழன்று உருண்டது. பானையின் விளிம்பில் விழுந்த சொட்டு சீறி அடங்கியது.

மச்சானுக்கு முகம் வெளிறிவிட்டது. நடுங்கும் கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவன் திட்டுக்காகக் காத்து நின்றான். கழன்ற தலை காலடியிலேயே கிடந்தது. மச்சான் அதைப் பார்க்கவே இல்லை. ஆட்கள் பக்கம் திரும்பினார்.

“எந்தக் கழுதைடா காயறதுக்கு முன்னாடி எடுத்து மாட்டினது?”

பதிலுக்குக் காத்திராமல் மச்சான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு மாடியைப் பார்த்துக் கத்தினார்.

“தங்கச்சி, ஓடி வா! உன் புருஷன் மட்டும் இல்லன்னா இன்னிக்கு என் கண்ணு ரெண்டும் போயிருக்கும்மா!”

பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே இறங்கி வந்தாள். அண்ணனின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவ்வளவு பெருமையாக அவனை அவள் பார்த்ததே இல்லை. ‘நான்தான் செய்தேன்’ என்பது அவனுக்குத் தொண்டைவரை வந்தது. சொன்னால் மச்சான் விரட்டிவிடுவார், நிச்சயம். ஆனால் அவள் அவனோடு வரமாட்டாள். சொல்ல வந்ததை அவமானத்தோடு விழுங்கிக்கொண்டான்.

“இப்போ போக வேணாங்க. அண்ணனுக்குக் கை இன்னும் நடுங்குது, பாருங்க” என்றாள்.

மச்சான் சுவரை நிமிர்ந்து பார்த்தார். “மிச்சம் பதினொண்ணும் நல்லாத்தானே இருக்கு?”

“இல்ல மச்சான். எல்லாத்தையும் திரும்பச் செய்யணும்.”

“செய் மாப்ளே, நிதானமா செய். இனிமே உன்ன எங்கயும் அனுப்பறதா இல்ல.”

அவன் பதினொன்றையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைப் பிரிக்க மேலே போனாள்.