பூமியில் மோதிய முகம்

அத்தான் நாக்கில் நரம்பில்லாமல் சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம். "இவளா? என் கொழுந்தியா. கூடமாட உதவிக்கு வருவா."

சொன்னது அறிவியல் காட்சியகத்தின் இயக்குநர் அம்மாவிடம். அப்போது அத்தான் கையில் இருந்தவை, அந்தக் கொழுந்தியாளான சின்னவள் மாய்ந்து மாய்ந்து வரைந்த மாதிரிப் படங்கள். சூரியனைச் சுற்றிய தூசி திரண்டு பூமியானது, அது நெருப்புக் குழம்பாகக் கொதித்தது, இன்னொரு கோள் வந்து மோதி நிலா பிறந்தது, பிறகு மழை, பிறகு கடல். முன்கூடத்துப் பெரிய சுவருக்காகத் தன் பெயரில் கொடுக்க வைத்திருந்தாள். அக்கா வீட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தால் படங்களையும் காணோம், அத்தானையும் காணோம். காட்சியகத்துக்கு ஓடிப்போய் நின்றபோது காதில் விழுந்ததுதான் அந்த வார்த்தை.

இது முதல் சுவர் என்றால் தொலைகிறது என்று விட்டிருப்பாள். வங்கி, மருத்துவமனை, நீச்சல்குளம் என்று அவள் வரைந்த சுவர் ஒவ்வொன்றின் மூலையிலும் அத்தான் பெயர்தான். ஊரே அவரை மாஸ்டர் என்கிறது. அந்த மாஸ்டர் கடைசியாகத் தூரிகை பிடித்தது அக்காவைக் கட்டிய புதிதில். அக்காவிடம் முறையிட்டால், "குடும்பத்துக்குள்ள என்னடி உன் பேரு, என் பேரு?" என்பாள். குடும்பம் என்றால் ஒருத்தி சாரத்தில் தொங்க, ஒருத்தர் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வது போலிருக்கிறது.

இந்த முறை சின்னவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆனாலும், "சரி அத்தான், வரைஞ்சு தரேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் அவ்வளவு பணிவாகப் பேசியதே அவரை உஷார்படுத்தியிருக்க வேண்டும்.

பெரிய சுவரில் வரைகிறவர்கள் சிறிய படத்தில் கட்டம் போட்டுக்கொண்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொன்றாக நிரப்புவார்கள். பூமியில் மோத வரும் கோளுக்கு அவள் கட்டம் போட்டது அக்காவின் கல்யாண ஆல்பத்திலிருந்து உருவிய போட்டோவில். அத்தானின் சப்பை மூக்கு ஒரு குன்றானது. தூக்கிய புருவம் ஒரு வெடிப்பு. கன்னத்து மருவுக்கு ஓர் எரிமலையே வைத்தாள். வைக்கும்போது வாய்விட்டுச் சிரித்தாள். கிட்டத்தில் பார்த்தால் வெறும் கல்லும் குழியும்தான். தூரத்திலிருந்து பார்க்கலாமென்றால் சாரமும் தூசித் துணியும் மறைத்தன. அத்தான் தினமும் வந்து துணிக்குள் தலையை நீட்டி, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவார். வேலை முடிந்ததும், "என் பேரைக் கீழ எழுதினா யாருக்குத் தெரியும்? மேல எழுது, பெருசா" என்றார். எழுதினாள்.

திறப்பு நாள் காலையில்தான் சாரத்தைப் பிரித்தார்கள். வந்தவர்களைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி அத்தான் முழங்கினார். "ஒரு கோட்டுல கூட அடுத்தவங்க கை படல. அத்தனையும் நானே."

சின்னவள் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். அவர் மட்டும் அடக்கமாக நாலு வார்த்தை பேசியிருந்தால் அவள் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

சுவருக்கு எதிரே இருந்த மாடியிலிருந்து முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் நாலைந்து பேர். இயக்குநர் அம்மா மாடியேறிப் போய்ச் சுவரைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

"மாஸ்டர், கொஞ்சம் மேல வாங்க."

ஏறிப் போய்ப் பார்த்த அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"பூமி உண்டான கதையைக் கேட்டா, உங்க மூஞ்சிய வரைஞ்சு வச்சிருக்கீங்க. விளையாடுறீங்களா?"

"அம்மா, இது... இது நான் வரையலைங்க."

"இப்பதானே அத்தனையும் நானேன்னீங்க?"

அத்தனை பேரும் அத்தான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவதான் வரைஞ்சா."

"அந்தக் கோளை மட்டுமா?"

"எல்லாத்தையும்."

சின்னவளுக்குத் தேனாக இனித்தது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட இருந்தது.

இயக்குநர் அம்மா, பின்னாலேயே ஏறி வந்திருந்த அவள் பக்கம் திரும்பினார். "உங்க கோபம் புரியுது. ஆனா அந்த மூஞ்சி போகணும். மேல இருக்கிற பேரை அழிச்சிட்டு உங்க பேரை எழுதிக்குங்க."

அக்கா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "போதும்டி. இதோட அவரை விட்டுடு."

"மூஞ்சிய நான் எடுத்துடறேன்க்கா. பேரை அவரே எடுக்கட்டும். இப்பவே."

ஏணி வந்தது. அத்தான் ஒரு பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஏணியைச் சின்னவள்தான் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெயருக்குப் பின்னால் அவள் வரைந்த வானம் கறுப்பே கிடையாது; கரு நீலத்தையும் பழுப்பையும் குழைத்துக் குழைத்துக் கொண்டுவந்த இருட்டு. அத்தான் தூக்கிப்போனது வெறும் கறுப்பு. அது காய்ந்தால் தார் அப்பியதுபோல் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். எத்தனை தரம் மேலே பூசினாலும் முழுசாக மறையாது. அத்தான் மானத்தோடு அவள் வானமும் கெடும். எல்லாம் அவளுக்குத் தெரியும்.

உச்சியில் நின்று டப்பாவைத் திறந்தவர் தயங்கினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் யோசனை கேட்டார். "ஏம்மா, இந்தக் கறுப்புதானே?"

சின்னவள் அண்ணாந்து பார்த்தாள்.

"அதேதான் அத்தான். நல்லா அழுத்திப் பூசுங்க."