கூடையில் ஏறாதவர்

கல்யாண நாளுக்கென்று பலூன் சவாரிக்கு இரண்டு பேருக்கும் இடம் பதிந்தது குமரகுருபரன்தான். கூடைக்குள் கால் வைக்கும் நேரத்தில் அவர் பின்வாங்கிவிட்டார்.

"நீ போயிட்டு வா. நான் கீழ நின்னு படம் எடுக்கேன்."

சுப்ரஜா கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தனியாக ஏறிக்கொண்டாள்.

சேரன்மகாதேவி வயல்களுக்கு மேலே பலூன் எழும்பும்வரை காற்று இருந்த இடம் தெரியவில்லை. பிறகு எங்கிருந்தோ கிளம்பி, மைதானத்துக் கொடிகளைப் படபடவென்று அடித்தது. பலூன் ஒருபக்கமாகச் சாய்ந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. பலூனைத் தொடர்ந்து ஜீப் ஓட்டும் ஜாய்சி வண்டிக்கு ஓடினாள். குமரகுருபரனும் கேட்காமலே ஏறிக்கொண்டார்.

"ஆத்துப் பக்கம் போவுதும்மா, வேகமா போ!"

"ரோடு போற வழியிலதான சார் நான் போவ முடியும்? நீங்க பலூன விட்டு கண்ண எடுக்காதிய."

எடுக்கவில்லை. தென்னைகள் மறைத்தபோதெல்லாம் இருக்கையை விட்டு எழுந்தார். மின்கம்பிகளை நோக்கிப் பலூன் தாழ்ந்தபோது ஜாய்சியும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். மேலே பலூனுக்குள் நெருப்பு ஊதும் பர்னர் உறுமியது. கூடை கம்பிகளைத் தொடாமல் தப்பி, அந்தப் பக்கத்து நெல்வயலில் விழுந்து, சாய்ந்து, இழுபட்டுக்கொண்டே போனது.

ஜீப் நின்றதும் குமரகுருபரன் செருப்பு சேற்றில் புதைந்தது தெரியாமல் ஓடினார். பலூனை ஓட்டிய ஜேக்கப் அதன் காற்றை இறக்கப் போராடிக்கொண்டிருந்தார். சுப்ரஜா வரப்பில், உடம்பெல்லாம் சகதியாக, வலது கையை இடது கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு முடித்ததும் அவள் தம்பி போனில் வந்தான்.

"அத்தானுக்கு அடி ஒண்ணும் இல்லியே?"

"இல்லலே. அவுகளும் கூடத்தான் இருந்தாக. நல்லா இருக்காக."

ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்த குமரகுருபரன் சட்டென்று போனை வாங்கினார்.

"மாப்ள, நான் ஏறவே இல்ல. பயந்துபோயி கீழயே நின்னுட்டேன்."

பேசி வைத்த பிறகு சுப்ரஜா கேட்டாள்: "அவன்ட்ட எதுக்கு அதச் சொன்னிய?"

"சொல்லாம இருக்க முடியல."

சுப்ரஜா மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் தூக்கி வைத்தாள்.

"கம்பி கிட்ட வந்தப்போ அந்த ஜீப்புதான் கண்ணுல பட்டுச்சு. உள்ள நீங்க இருப்பியன்னு நெனச்சேன். அதான் அப்படிச் சொன்னேன்."

ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. குமரகுருபரன் போய்ச் சாத்தினார். உட்காரப் போனவர் மறுபடியும் எழுந்து, கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.