மேசைகளுக்கு அடியில் ஒரு குகை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்கும் டில்ஷானி, ஓவியத்தின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல்வதோடு நிறுத்துபவள் அல்ல. அன்றைக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, கறுத்த திரைச்சீலைகளால் மூடி, உள்ளே பிரவுண் பேப்பர் ஒட்டி ஒரு குகையே செய்துவிட்டாள். பிள்ளைகள் டோர்ச் லைட்டோடு ஒவ்வொருவராகத் தவழ்ந்து போக வேண்டும். தாளில் உள்ளங்கையை வைத்தால் அவள் பழைய டூத்பிரஷ்ஷால் காவி நிறத்தைத் தெளிப்பாள். கையை எடுத்ததும் அதன் வடிவம் மட்டும் நிறமில்லாமல் நிற்கும்.

"எழுத்து வர முந்தி இருந்த ஆக்கள் இப்பிடித்தான் செய்தவங்க," என்றாள். "இப்ப அவங்க ஒருத்தரும் இல்ல. அவங்கட கை மட்டும் இருக்கு."

ஒரே கூச்சலும் சிரிப்புமாக எல்லோரும் போய் வந்தார்கள். கடைசியாக ரூபிகா. நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு களனி ஆற்றுப் பக்கமிருந்து அம்மாவோடு சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிள்ளை. அவளுடைய தம்பி கஜீவனை அந்த வெள்ளம் கொண்டு போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ரூபிகா மட்டும் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

உள்ளே போனவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள்.

"கையை வைங்க மகள்."

"ஏலாது மிஸ்."

"ஏன்?"

"தம்பிட கையை நான்தான் விட்டனான்." டோர்ச்சை அணைத்தாள். "அம்மாட்ட சொல்லாதீங்க."

டில்ஷானி பிரஷ்ஷும் கையுமாக அப்படியே குந்தியிருந்தாள். மணி அடித்து மற்றப் பிள்ளைகள் போன பிறகும் ரூபிகா வெளியே வரவில்லை.

அம்மா சாமினி வாசலில் காத்து நின்றாள். சொல்லாதே என்று பிள்ளை கெஞ்சியிருந்தது. சொல்லாமல் விட்டால் பிள்ளை அதை எத்தனை காலத்துக்குச் சுமக்கும்? டில்ஷானி சொல்லிவிட்டாள்.

சாமினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள் அந்த இடத்தில இருக்கவே இல்ல மிஸ். முதலே மாமா தோளில தூக்கிக்கொண்டு போயிட்டார். தம்பி என்ட கையிலதான் இருந்தவன்." தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "விட்டுட்டன், விட்டுட்டன் எண்டு நான் தங்கச்சிட்ட சொல்லி அழுறதை நித்திரைக்குள்ள கேட்டிட்டு, தான் விட்டதெண்டு நினைச்சிருக்கிறாள்."

சாமினி செருப்பைக் கழற்றிவிட்டுக் குகைக்குள் தவழ்ந்து போனாள்.

"நீ இல்ல குஞ்சு. அம்மாதான் விட்டது."

ரூபிகா வீரிட்டாள். "ஏன் விட்டனீங்க? ஏன் விட்டனீங்க?" அடிகள் விழும் சத்தம் கேட்டது. டில்ஷானி திரைச்சீலையைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். சாமினி அடிகளைத் தடுக்கவுமில்லை, விலகவுமில்லை. டில்ஷானி திரையை விட்டுவிட்டாள்.

மறுநாள் ரூபிகா வரவில்லை. அதற்கடுத்த நாள் சாமினி கொண்டுவந்து விட்டாள். பிள்ளை திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குள் போனது.

"என்னோட ஒரு சொல்லும் கதைக்கிறாள் இல்ல மிஸ்," என்றாள் சாமினி. கன்னத்தில் நகக்கீறல் இன்னும் ஆறவில்லை. "ஆனா ராவில நித்திரை கொள்றாள். முந்தி அலறி அலறி எழும்பினவள். அது காணும், அது போதும் எனக்கு."

சாமினி குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.