டப்பாவில் இருப்பது யார் வீட்டு மாடு

ஆர்டித் கோல்வின் பள்ளியின் கரிக்கொட்டகைக்குப் பின்னால், காற்று அடிக்காத மூலையில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். சாப்பாட்டு வாளி மடியில் இருந்தது. மூடியைப் பாதிதான் திறந்திருந்தாள். கையை உள்ளே விட்டாள், எடுத்தாள், வாய்க்குக் கொண்டுபோனாள், மென்று விழுங்கினாள். அடுப்புக்குக் கரி எடுக்க வந்த லியோட்டா டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள். விரல்களுக்கு நடுவே எதுவும் இல்லை.

லியோட்டா சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டாள். அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. கரி எடுக்கப் போனதே அவளுக்கு மறந்துவிட்டது.

அது முப்பதுகளின் அமெரிக்கா. ஓக்லஹோமாவின் அந்தக் கோடியில் மழை பொய்த்து வருடங்களாகிவிட்டன. கோதுமை போன நிலத்திலிருந்து மண் எழுந்து வானத்தில் நின்றது. ஜன்னல்களில் ஈரத் துணி தொங்கும். தொங்கவிட்ட சிறிது நேரத்தில் அது சேறாகிவிடும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு இரண்டாவது பெஞ்சு காலியாகவே கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்த பையன் நெஞ்சில் புழுதி கட்டிச் செத்துப்போனான். அவன் சாவுக்குப் பிறகு பள்ளிக்கு வந்த மாவட்ட நர்ஸ் ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் காது வைத்துக் கேட்டாள். ஆர்டித் முதுகில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கேட்டாள். இந்தப் பெண் வயிறு நிறையச் சாப்பிட்டாக வேண்டும், வெறும் வயிற்றுக்காரி இந்த இருமலைத் தாங்கமாட்டாள் என்று லியோட்டாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பாடு இல்லாமல் இல்லை. பள்ளியின் பின்னறையில் ஸெல்லா புரூயிட் என்ற விதவை பெரிய பானையில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் வேகவைத்துக்கொண்டிருந்தாள். இறைச்சி அரசாங்கம் 'ரிலீஃப்' என்று நிவாரணமாக அனுப்பியது. தகர டப்பாவில் வரும், மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும். ஸெல்லாவுக்குச் சம்பளமும் அரசாங்கத்திலிருந்தே வந்தது. ஆரம்பத்தில் அந்தப் பானையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டவர்களை 'ரிலீஃப்தின்னி' என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் கண்டுபிடித்தவன் ஹார்லி பாக்ஸ். ஒரே மாதத்தில் வரிசையில் முதல் தட்டு அவனுடையதாகிவிட்டது. கடைசியில் தட்டெடுக்காமல் மிஞ்சியவள் ஆர்டித் ஒருத்திதான்.

லியோட்டா ஆர்டித்தின் அப்பாவைப் போய்ப் பார்த்தாள். தர்மன் கோல்வின் காலித் தொழுவத்தின் வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு மரியாதையாகப் பேசினார். போன கோடையில் மாடுகளை அரசாங்கத்துக்கு விற்றார். நிற்க முடியாதவற்றை வந்தவர்கள் அங்கேயே சுட்டுக் குழியில் தள்ளினார்கள். நடக்க முடிந்தவை ரயிலேறின. கிடைத்ததில் பெரும்பகுதியை அடமானக்காரன் வாங்கிக்கொண்டான். இதையெல்லாம் அவர் அடுத்த வீட்டுக்காரனுக்கு நடந்ததுபோலச் சொன்னார். பள்ளிச் சாப்பாட்டுப் பேச்சு வந்ததும் தொப்பி தலைக்கு ஏறியது.

"சும்மா குடுக்கிறத எங்க வீட்டுல யாரும் வாயில வெச்சதில்லைங்க டீச்சரம்மா. எம்பொண்ணு வாளி கொண்டாரா இல்ல?"

கொண்டுவருகிறாள் என்றாள் லியோட்டா. வாளிக்குள் என்ன இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்கலாம். தெரிந்த ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்வது அடிப்பதைப் போலிருக்கும்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தாள். 'சும்மா' என்ற அந்தச் சொல்தான் தொண்டையில் நிற்கிறது, சோறு இல்லை. சொல்லைப் பிடுங்கிவிட்டால் சோறு தானாக இறங்கும். அது பிச்சை அல்ல என்று பாடமாகவே நடத்திவிட்டால்? சரித்திரப் பாடத்தில் புரட்சிப் போர் நடந்துகொண்டிருந்தது. அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, மறுநாள் கரும்பலகையில் 'ஜனாதிபதியின் திட்டங்கள்' என்று எழுதினாள்.

வங்கிகள் ஏன் மூடின, எப்படித் திறந்தன என்று சொன்னாள். வேலையில்லாத இளைஞர்கள் மலைக்காடுகளில் மரம் நடுவதைச் சொன்னாள். பிறகு, அவளுக்கு வேண்டிய இடத்துக்கு வந்தாள். ஒரு பக்கம் புல் இல்லாமல் சாகிற மாடு, வாங்க ஆளில்லை. இன்னொரு பக்கம் பட்டணத்தில் பசியோடு நிற்கிற ஆள், அவனிடம் காசில்லை. ஜனாதிபதியின் ஆட்கள் நடுவில் ஒரு கோடு இழுத்தார்கள். லியோட்டாவும் இழுத்தாள். மாடு, ரயில் பெட்டி, தொழிற்சாலை, டப்பா, கடைசியில் ஒரு தட்டு. படம் வரைவதில் அவளுக்குக் கை வரும். மாடு மாடாகவே இருந்தது.

ஹார்லி கை தூக்கினான். "அப்போ டீச்சர், கவர்மெண்ட்டு ஆளுங்க பன்னிக்குட்டிய ஏன் கொன்னாங்க? அயோவால எங்க மாமா இருக்காரு. கூட்டங்கூட்டமா கொன்னாங்கன்னு சொன்னாரு."

பன்றி அதிகமானால் விலை விழுந்துவிடும், குறைத்தால் ஏறும் என்று விளக்கினாள். சொல்லும்போதே தன் குரல் தனக்குப் பிடிக்கவில்லை.

"எங்க வீட்டுல ஒம்பது புள்ளைங்க டீச்சர். எங்களையும் கொறைப்பாங்களா?"

வகுப்பு சிரித்தது. ஆர்டித்கூடச் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இதுதான் நேரம் என்று லியோட்டாவுக்குத் தோன்றியது. பலகையிலிருந்த மாட்டைத் தொட்டுக் காட்டினாள். இது யார் கொடுத்தது? உங்கள் அப்பாக்கள் கொடுத்தது. அரசாங்கம் எங்கிருந்தோ கொண்டுவந்து போடவில்லை, உங்களிடமிருந்து போனது உங்களிடமே வருகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆர்டித் எழுந்து நின்றாள். தானாக அவள் எழுந்து கேள்வி கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"அப்போ பின்னறையில இருக்கிற டப்பால எங்க மாடு இருக்குமா டீச்சர்?"

"இருக்கலாம் ஆர்டித்," என்றாள் லியோட்டா. மனம் துள்ளியது. "ஏன் இருக்கக்கூடாது? உங்க மாடாவே இருக்கலாம்."

அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். கோட்டின் மேல் கண்ணை ஓட்டினாள், மாட்டிலிருந்து தட்டு வரைக்கும்.

"எங்க மாட்டு பேரு பேன்ஸி. ரயில்ல போனா," என்றாள் மெதுவாக. "அவளால நடக்க முடிஞ்சுது. அதனால போனா."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஜன்னலோரத்திலிருந்த ஒரு சின்னவள், தங்கள் வீட்டுச் சிவப்பியும் ரயிலில்தான் போனது என்றாள். லியோட்டா பேசினாள், ஏதேதோ பேசினாள். அந்த ஊரில் மாட்டுக்குப் பெயர் வைக்காத வீடு கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அவள் பிறந்ததும் அப்படி ஒரு வீட்டில்தான். எப்படி மறந்துபோனது?

மதியம் பானை திறந்தது. ஒரு தட்டும் வரவில்லை. பிள்ளைகள் பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா சொன்ன இதுகளுக்கு?" என்று ஸெல்லா கரண்டியோடு வந்து நின்றாள். லியோட்டா சொன்னாள். ஸெல்லா கரண்டியைத் துடைத்தாள். "படிச்ச பொண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாளும் அப்படியே. பீன்ஸை மட்டும் எடுத்துத் தரலாம் என்றால், எல்லாம் ஒரே பானையில் வெந்தது. சின்னப் பிள்ளைகள் சிலர் அழுதார்கள், ஆனால் பெரிய பிள்ளைகளைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். ஒருத்தியைச் சாப்பிட வைக்கப் போய் ஒரு பள்ளிக்கூடத்தையே பட்டினி போட்டாயிற்று. இதுபற்றி மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிந்தால் சாப்பாடே நின்றுவிடும். லியோட்டா கெஞ்சினாள், அதட்டினாள். தானே ஒரு தட்டு எடுத்து அவர்கள் முன்னால் சாப்பிட்டுக் காட்டப் பார்த்தாள். இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆர்டித் வாய்ப்பாடு ஒப்பிக்க எழுந்து, அப்படியே சரிந்தாள். நெற்றி பெஞ்சு முனையில் பட்டது. ரத்தம் அதிகம் வரவில்லை, உடம்பில் ரத்தமே இல்லையோ என்று லியோட்டாவுக்கு அதுவே பயமாக இருந்தது. ஹார்லியை அனுப்பி அவள் அப்பாவை அழைத்துவரச் சொன்னாள்.

கோல்வின் வந்தபோது உடம்பெல்லாம் புழுதி, கண்கள் மட்டும் ஈரமாக இருந்தன. மகள் அடுப்பருகே ஸெல்லாவின் சால்வைக்குள் கிடந்தாள். அவர் குனிந்து பார்த்தார், தொடவில்லை. நிமிர்ந்து லியோட்டாவிடம் வந்தார்.

"பேன்ஸிய திங்கச் சொன்னீங்களாமே."

"தப்புப் பண்ணிட்டேன் மிஸ்டர் கோல்வின்," என்றாள் லியோட்டா. இனி மறைக்க ஒன்றுமில்லை. "அவ வாளியில ஒண்ணும் இல்லைங்க. பல நாளா ஒண்ணும் இல்ல. வெறுங்கைய மெல்றா. யாரும் பாக்கக்கூடாதுன்னு கரிக்கொட்டாய்க்குப் பின்னால போயி மெல்றா. உங்க பேருக்காகத்தான்."

பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லியோட்டாவுக்குத் தான் இன்னொரு தடவை தவறிவிட்டதாகவே பட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அவ்வளவுதான்.

கோல்வின் பின்னறைக்குப் போனார். ஒரு தட்டோடு திரும்பி வந்து, செத்த பையனின் காலி பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து மென்றார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் முகம்.

"இது நம்ம ஊரு மாடே இல்ல," என்றார்.

"எப்பிடித் தெரியும்?" ஹார்லிதான் கேட்டான்.

"கொழுப்பு இருக்குதே. நம்ம மாட்டுல கொழுப்பு ஏதுடா? இது வடக்க, ஆத்தோரம் மேஞ்சது. உங்கப்பன் மாடா இருந்தா இந்நேரம் எம்பல்லுல மணல் கடிபட்டிருக்கும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னவள் தன் சிவப்பியைப் பற்றிக் கேட்டாள். அவர் இன்னொரு துண்டை மென்றுவிட்டு, சிவப்பியும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அந்த டப்பாவைத் தின்று எந்த மனிதனாலும் எந்த ஊர் மாடு என்று சொல்ல முடியாது. லியோட்டாவுக்குத் தெரியும். பெரிய பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஹார்லி எழுந்து தட்டெடுத்தான். அவன் பின்னால் வரிசை நின்றது.

கோல்வின் நிறுத்தவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது, கை மட்டும் நிற்கவில்லை. கரண்டி தட்டில் இடித்துக்கொண்டேயிருந்தது. வழித்தார், விரலால் துடைத்தார், விரலை வாயில் வைத்தபோதுதான் அறை அமைதியாக இருப்பது அவருக்குக் கேட்டது. முகம் இருண்டது. லியோட்டா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆர்டித் சால்வையோடு எழுந்து வந்தாள். ஸெல்லா கொடுத்த தட்டை வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மெதுவா தின்னுப்பா," என்றாள். "இதுலயும் இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். மகள் கரண்டியை எடுத்து முதல் வாய் போடும் வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மென்றாள். இந்த முறை தாடைக்கு வேலை இருந்தது.

போகும்போது அவர் வாசலில் நின்று, ஸெல்லாவிடம் மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டார். வடக்குச் சுவரில் ஜன்னல் வரைக்கும் மணல் ஏறிக் கிடக்கிறது, அள்ளிப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றார். அந்தக் காற்றில் மணல் அள்ளுவது தண்ணீரைக் கையால் தள்ளுவதுபோல. லியோட்டா அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஸெல்லா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

பள்ளி விடும்வரை வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. சுவர் தரைவரை தெரிந்தது.

மறுநாள் விடிந்தபோது மணல் மறுபடி ஜன்னலைத் தொட்டிருந்தது. மதியத்துக்குச் சற்று முன்னால், தலையைக் குனிந்துகொண்டு, காற்றுக்கு எதிராகக் கோல்வின் வந்துகொண்டிருந்தார். ஸெல்லா கேட்காமலே இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினாள்.