பாலம்மாளின் காப்பிக்கொட்டை அறை

சிவகாசியில் சங்கரலிங்கத்தின் அச்சகம் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்தது. நிறங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஞானத்தை அவர் அச்சகத்தோடு விட்டுவிடவில்லை. வீட்டில் கூடம் கிளிப்பச்சை, சமையலறை ரோஸ், படுக்கையறை ஆரஞ்சு. புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே கண்ணைச் சுருக்குவார்கள். பிரமிப்பு என்று அவர் எடுத்துக்கொள்வார்.

மகள் கீர்த்திகா கல்யாணமாகிப் பெங்களூர் போனதும் அவள் அறை காலியானது.

“அந்த ரூம் எனக்குங்க. கலரும் நானே பாத்துக்கிறேன்” என்றாள் அவர் மனைவி பாலம்மாள்.

“தாராளமா. எலுமிச்ச மஞ்ச அடிச்சிரு” என்று முழுச் சுதந்திரம் கொடுத்துவிட்டு, ஆர்டர் பிடிக்க டெல்லிக்கு ரயிலேறினார்.

அவள் காட்டிய நிறத்தைப் பார்த்துப் பெயிண்டர் முத்துப்பாண்டி தயங்கினார். “காப்பிக்கொட்டைக் கலரா? நாலு சுவத்துக்குமா? இருட்டிக்கிடும்க்கா.”

“இருட்டட்டும்ப்பா. கல்யாணமானதுல இருந்து என் கண்ணுக்கு லீவே கிடையாது.”

வெள்ளைத் திரை, ஒரு பிரம்பு நாற்காலி, ஓரமாக ஒரு விளக்கு. வேறெதுவும் வைக்கவில்லை. பார்க்க வந்த நாத்தனார் கற்பகம், “என்ன மதினி, கருப்பட்டி மூட்டைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு” என்று முகம் சுளித்தாள். சாயங்காலம்வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

டெல்லியிலிருந்து திரும்பிய சங்கரலிங்கம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “என்னடி இது, தீப்பிடிச்ச குடோன் மாதிரி! பாக்கிறவன் தண்ணி வாளியத் தூக்கிட்டு ஓடி வருவான்.”

“வரட்டும்க. வர்றவுகளுக்குக் காப்பி போட்டுக் குடுக்கேன்.”

அந்த அறையில் கால் வைப்பதில்லை என்று அவர் சபதம் செய்தார்.

தீபாவளி சீசன் வந்தது. நாளெல்லாம் மெஷினடியில் நின்று சிவப்பையும் மஞ்சளையும் பார்த்ததில் அவருக்குத் தலைவலி பிடித்தது. ஒரு மத்தியானம் ஆளைக் காணோம். அவருடைய போன் அடித்தபோது சத்தம் காப்பிக்கொட்டை அறைக்குள்ளிருந்து வந்தது. வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“கொசு இருக்கான்னு பாக்க வந்தேன்” என்றார்.

அதன்பிறகு தினமும் கொசு பார்த்தார். அவருடைய தலையணை வந்தது, துண்டு வந்தது, லேபிள் கட்டுகள் பிரம்பு நாற்காலியில் ஏறின. பாலம்மாளுக்கு உட்கார இடமில்லை.

எம். புதுப்பட்டியிலிருந்து பட்டாசுக் கம்பெனி முதலாளி அழகுராஜா வந்தபோது, சங்கரலிங்கம் அவரை அந்த அறைக்கே கூட்டிப்போனார்.

“அண்ணாச்சி, கண்ணுக்கு எம்புட்டுக் குளிர்ச்சி! யாரு செலக்சன்?”

“நம்மதான். கலர்லயே பொழைக்கிறவனுக்கு இது தெரியாதா?”

பாலம்மாள் காப்பியை வைத்தாள். “ஆமாண்ணே. பெயிண்டு அடிக்கையில அவுக டெல்லியில இருந்தாக. அங்கன இருந்தே செலக்ட் பண்ணாக.”

அழகுராஜா சிரித்ததில் காப்பி வேட்டியில் கொட்டியது. சங்கரலிங்கம் சுவரை வெகு அக்கறையாகப் பார்த்தார்.

விருந்தாளி போனதும் தலையணை, துண்டு, லேபிள் எல்லாவற்றையும் அவள் ஆரஞ்சு அறையில் கொண்டுபோய்ப் போட்டாள். மறுநாள் மத்தியானம் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள். தன் வீட்டில் சங்கரலிங்கம் ஒரு கதவைத் தட்டுவது அதுதான் முதல் தடவை.

“பாலம்மா, செத்த நேரம் படுத்துக்கிடட்டுமா?”

அவள் உடனே எழவில்லை. அவர் இன்னொரு முறை கேட்கட்டும் என்று இருந்தாள். கேட்டார். பிறகுதான் தாழைத் திறந்து, தரையில் விரித்திருந்த பாயைக் காட்டினாள்.