ஒரு வளைவுக்கு மட்டும்

பிரதீப்பின் கைகளைப் பற்றி யூடியூபில் ஒரு பேச்சு உண்டு. கறுப்புத் தோல் கையுறை போட்ட அந்தக் கைகள் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் விதமே தனி என்பார்கள். கொண்டை ஊசி வளைவில் இடது கை கியரைத் தட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் வண்டி வளைந்து முடித்திருக்கும். 'ஒருமுறையாவது ஓட்டணும்' என்ற அவனுடைய சேனலைப் பார்த்துவிட்டுப் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் பையன்கள் அதேபோல் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தக் கையுறைக்குள் இருந்தவை அவன் மனைவி யோகப்பிரியாவின் கைகள்.

மீனாட்சிபுரத்தில் அந்த வீட்டில் இருந்தவர்களுக்கே அது தெரியாது. மாமியார் முத்தாத்தாள், மருமகள் கேமரா பிடிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது மகள் மௌனிகா, அப்பாவைப்போல் வண்டி ஓட்ட உலகத்தில் ஆள் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பிரதீப் மோசக்காரன் ஒன்றும் இல்லை. சேனல் ஆரம்பித்தபோது அவனேதான் ஓட்டினான். கார் என்றால் அவனுக்கு உயிர். எந்த எஞ்சின் எந்த வருஷம் வந்தது, ஏன் நின்றுபோனது என்று அவன் சொல்லத் தொடங்கினால் காருக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட உட்கார்ந்து கேட்பார்கள். அட்டப்பாடி மலைப்பாதையில் ஒருநாள் மரம் ஏற்றி வந்த லாரிக்கு ஒதுங்கப்போய், வண்டியின் முன்சக்கரம் தடுப்புச் சுவருக்கு வெளியே தொங்கி நின்றது. பிரதீப் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதன் பிறகு மலைப்பாதையைக் கண்டாலே அவனுக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. சமதளத்தில்கூட எதிரே கனரக வண்டி வந்தால் பிரேக்கில் கால் போய்விடும்.

யோகப்பிரியா கார் ஓட்டப் பழகியது பெருமாட்டியில், அப்பாவின் தோப்பில் தேங்காய் ஏற்றும் பழைய ஜீப்பில். ஒரு வண்டி என்ன நினைக்கிறது என்பது அவளுக்கு இடுப்பிலும் உள்ளங்காலிலும் தெரிந்துவிடும்.

"இந்த ஒரு மலைய மட்டும் ஏத்திக் குடு பிரியா," என்று பிரதீப் முதலில் கேட்டபோது அவன் குரலில் அவமானம் இருந்தது. "வீடியோ போடறேன்னு சொல்லிட்டேன். கைய மட்டுந்தான் எடுப்பேன்."

அவள் மறுக்கவில்லை. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு பழைய பாலியோ கார். அதன் ஸ்டீயரிங் சாலையில் கிடந்த சின்னக் கல்லைக்கூட உள்ளங்கையில் எடுத்துவைத்துக் காட்டியது. பிறகு ஒரு பழைய ஹோண்டா சிட்டி வந்தது. வேக முள் மேலே ஏற ஏற அதன் குரலே மாறி, இதுவரை தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுபோல் பாய்ந்தது. அகளிக்கு மேலே மண்பாதையில் ஜிப்ஸி ஆட்டுக்கிடாய் மாதிரி ஏறியது. காண்டெஸா, கல்யாண வீட்டுப் பெரியப்பா போல. எதற்கும் அவசரப்படாது. வந்து நின்றால் இடம் நிறைந்துவிடும். யார் பெயரில் ஓடினால் என்ன, ஓட்டுவது நான்தானே என்று அவள் மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். ஒரு பெண்பிள்ளைக்கு இத்தனை கார்கள் வேறு எந்த வழியில் கைக்கு வரும்? ஓட்டி முடித்ததும் எப்படி இருந்தது என்று பிரதீப் கேட்பான், அவள் சொல்வாள். அதையே அவன் கேமராவைப் பார்த்துச் சொல்லும்போது இன்னும் அழகாக இருக்கும்.

இடுக்கியில் பூப்பாறைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் ஜோபி தன்னிடமிருந்த பழைய லான்சரைத் தருவதாகச் சொன்னபோது பிரதீப்புக்குத் தலைகால் புரியவில்லை. பழைய கார்ப் பிரியர்கள் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிடத் துடிக்கும் வண்டி அது. ஜோபி ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காரைக் குழந்தை மாதிரி வைத்திருந்தான். சாவியைப் பிரதீப்பின் கையில் கொடுத்தபோது, "பதனமா ஓட்டுங்கண்ணே," என்று மட்டும் சொன்னான். ஜோபியின் வாசலிலிருந்து முதல் திருப்பம்வரை பிரதீப் ஓட்டினான். திருப்பம் தாண்டியதும் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். அவள் சீட்டை முன்னுக்கு இழுத்தாள். வளையல்களைக் கழற்றி டாஷ்போர்டுக்குள் வைத்தாள். அவனுடைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு கையுறையை மாட்டினாள்.

போடிமெட்டுப் பாதையில் லான்சர் ஓடியது ஓட்டமே இல்லை, நீச்சல். வளைவுக்குள் நுழையும்போது வண்டி லேசாகக் குனிந்து, தரையை அணைத்துக்கொண்டு வெளியே வந்தது. யோகப்பிரியா தன்னை அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப் ஒன்று எதிர் வளைவில் அவள் பக்கத்துக்கே ஏறி வந்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில்தான் இருந்தது. ஜீப்பின் பின்னால் நின்றுகொண்டு வந்த பெண்களின் முகங்கள் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. வலது பக்கம் பள்ளம். நேரே ஜீப். அவள் பிரேக்கை மிதித்து விட்டு, இடது பக்கம் சாலையோர ஓடையில் சக்கரத்தை இறக்கி, மலைப்பாறையோடு வண்டியை உரசவிட்டாள். ஜீப் ஒரு சாண் இடைவெளியில் கடந்துபோய் நின்றது.

ஜீப்காரர் ஓடி வந்தார். கைகூப்பினார்.

"தப்பு என்மேலதான்க்கா. நீங்க ஒடிக்காம இருந்தா இத்தன பொம்பளையாளும் கீழ போயிருக்கும்."

பெண்களில் ஒருத்தி ஜீப்பை விட்டு இறங்கி வந்து யோகப்பிரியாவின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். பிரதீப்புக்குத் தோளில் சின்ன அடி. அவன் முதலில் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தான். பிறகு யோகப்பிரியாவின் கையிலிருந்து கையுறைகளைத் தானே உருவித் தன் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டான்.

லான்சரின் இடது பக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது. மெதுவாக அவளே ஓட்டி வந்தாள்; கடைசித் திருப்பத்தில் பிரதீப் இடம் மாறி உட்கார்ந்து ஜோபியின் வாசலில் நிறுத்தினான். அதற்குள் அவனுக்குச் செய்தி வந்திருந்தது.

"வண்டி போனாப் போகுது. ஆளுக்கு ஒண்ணுமில்லல்லா," என்றான் ஜோபி. பிறகு தயங்கினான். "ஓட்டினது அக்காவாம்ல. ஜீப்ல வந்தவுக சொன்னாக."

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் கணவன் என்ன சொல்லப்போகிறான் என்று யோகப்பிரியா அவன் முகத்தைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தாள். அவளுக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது.

"ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தாளுங்க," என்றான் பிரதீப். "பாவமேன்னு ஒரு வளைவுக்கு மட்டும் குடுத்தேன். என் தப்புத்தான். குடுத்திருக்கக் கூடாது."

வாடகைக் காரில் வீடு திரும்பினார்கள். உடுமலைப்பேட்டை தாண்டியதும், "ஆளுங்க பாத்துட்டாங்க பிரியா. வேற எப்படிச் சொல்ல முடியும்?" என்றான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரம் சேனலில் வீடியோ வந்தது. 'மனைவிக்கு ஸ்டீயரிங் கொடுத்தேன், நடந்தது இதுதான்' என்று அதற்குப் பெயர். பிரதீப் அதில் கண்கலங்கினான். யோகப்பிரியாவின் பெயரையும் முகத்தையும் அந்தச் சேனல் முதல்முறையாகக் காட்டியது. உரசல் சத்தமும், நின்ற காரும், கிழிந்த கதவும் வந்தன. ஜீப் தவறான பக்கத்தில் ஏறி வந்த இடம் மட்டும் இல்லை.

"அத ஏனுங்க வெட்டிட்டீங்க?" என்று கேட்டாள்.

"பாவம், அந்த ஜீப்காரன். போலீஸ் கேசாயிடும்."

அவன் அதுவரை போட்ட எல்லா வீடியோவையும்விட அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். அடுப்படியை விட்டு இறங்கினால் இதுதான் கதி என்று எழுதினார்கள். இவ்வளவு நடந்தும் மனைவியைத் திட்டாத பிரதீப்பின் பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். பால் சொசைட்டியில் யோகப்பிரியாவைப் பார்த்தவர்கள், "அடி ஒண்ணும் படலீங்களே?" என்று விசாரித்துவிட்டு உதட்டுக்குள் சிரித்தார்கள்.

முத்தாத்தாள் வீட்டுக் காரின் சாவியை எடுத்துத் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நம்ம வண்டியவும் இனித் தொட வேண்டாம் அம்மிணி. பிள்ளை உக்காந்து வர்ற வண்டி."

மௌனிகா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தலை பின்னிவிடும்போது கேட்டாள்.

"நீ எதுக்கும்மா அப்பாகிட்ட வண்டியக் கேட்டே?"

"நான் கேக்கல கண்ணு. அந்த வீடியோவுல எல்லாம் ஓட்டறது நான்தான்."

குழந்தை திரும்பி அவள் கைகளைப் பார்த்தது.

"அது அப்பா கை."

"என்ற கைதான்."

"போம்மா," என்றாள் மௌனிகா. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பெரியவர்களிடம் குழந்தைகள் காட்டும் பொறுமை அந்தக் குரலில் இருந்தது. யோகப்பிரியா பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.

லான்சர் சரியாகி வந்த பிறகு ஜோபி ஒருநாள் அவளுக்கே போன் செய்தான். வண்டி பழையபடி ஓடுவதாகச் சொன்னான். பிறகு கொஞ்சம் இழுத்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன். அண்ணன் ஆறடி ஆளு. அவரு வண்டியத் திருப்பிக் கொண்டாந்து நிறுத்தினப்ப, உடையாம இருந்த கண்ணாடி ரெண்டும் உங்க உயரத்துக்குத் திருப்பி இருந்துச்சு. ஒரு வளைவுக்கு யாருக்கா கண்ணாடியெல்லாம் மாத்துவா?"

யோகப்பிரியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்கிறதே.

"தெரிஞ்சுதான் இத்தன நாளா இருந்தீங்களா? நீங்க சொல்லலாமுங்களே. அந்த வீடியோவுக்குக் கீழ ஒரு வார்த்த எழுதினாப் போதுமே."

ஜோபி குரலைத் தாழ்த்தினான்.

"அந்த வளைவப் பாக்கணும், இந்தக் காரப் பாக்கணும்னே இப்ப ஹோம்ஸ்டேக்கு ஆளு வருதுக்கா. அண்ணன் அடுத்த வீடியோவிலயும் நம்ம எடத்தச் சொல்லுதேன்னிருக்காரு. இப்பப் போயி நான் என்னத்தச் சொல்ல? மனசுல வச்சுக்கிடாதிய. உங்ககிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு."

தன் மனப்பாரத்தை இறக்கிவைத்துவிட்டு அவன் போனை வைத்துவிட்டான். பாரம் இப்போது இவளிடம் இருந்தது.

அன்றே யோகப்பிரியா பிரதீப்பிடம் சொல்லிவிட்டாள், இனிமேல் கையுறை மாட்டுவதில்லை என்று. சேனலே நின்றுபோகும் என்று அவன் பதறுவான், காலில் விழாத குறையாகக் கெஞ்சுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் யோசித்துவிட்டுச் சரி என்றான். அதன் பிறகு நிறுத்திவைத்த காரின் பக்கத்தில் நின்று பேசினான், பானட்டைத் திறந்து காட்டினான், பழைய வீடியோக்களிலிருந்து கைகளை எடுத்து இடையிடையே ஒட்டினான். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கூட்டம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. வேண்டாம் என்று அவள் சொன்னதால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை என்பதுதான் அவளை அதிகம் அறுத்தது.

தை மாதத்தில் பெருமாட்டியிலிருந்து பூபதிராஜா கூப்பிட்டார். நூறு ஏக்கர் தோப்புக்காரர். இங்கிலாந்தில் இருந்த தம்பி ஊர் திரும்பும்போது கொண்டு வந்த மியாட்டா அவர் வீட்டில் நின்றது. இரண்டே சீட், கூரை திறக்கும், சிவப்பு நிறம். இந்தப் பக்கத்தில் அதை நேரில் பார்த்தவர்களே குறைவு. பிரதீப் வற்புறுத்தியதால் யோகப்பிரியாவும் போனாள். உண்மையில் காரைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

பூபதிராஜா மரியாதைக்காரர். இளநீர் கொடுத்தார். சாவியைப் பிரதீப்பிடம் நீட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மிணி. அந்த வீடியோ பாத்தனுங்க. சாரே ஓட்டட்டுமுங்க, நீங்க கூட உக்காந்துட்டுப் போங்க."

"சரிங்க," என்றாள்.

வாய்க்கால் ஓரச் சாலை நேராகக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. பிரதீப் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பழக்கம் விட்டுப்போன காலால் கிளட்சைப் பட்டென்று விட்டதில் கார் இரண்டு முறை குதித்து நின்றது. மூன்றாம் முறை நின்றதும் அவன் எஞ்சினை அணைத்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"நீ ஓட்டு பிரியா. இந்த மாதிரி வண்டி மறுபடி நமக்குக் கெடைக்காது." அவன் உண்மையாகவே சொன்னான். அவள் முகத்தைக் காரைப் பார்த்ததிலிருந்தே அவனும் பார்த்துக்கொண்டுதான் வந்தான்.

அவள் இறங்கி வந்தாள். அவன் எழுந்து வழிவிட்டான். ஓட்டுநர் இருக்கை தரையோடு தரையாக இருந்தது. கியர் தண்டைப் பிடித்தாள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உருண்டை. சும்மா முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். விரல் சொடுக்கும் தூரத்தில் அது சரியாகப் போய் உட்கார்ந்தது. அவளுக்குக் கண் கரித்தது.

"கேமராவ என்ற மூஞ்சிக்குத் திருப்புங்க," என்றாள். "திருப்பினா ஓட்டறனுங்க."

பிரதீப் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அப்பறம் இத்தன நாளும் ஓட்டினது யாருன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமுங்க."

பால் வண்டி ஒன்று அவர்களைக் கடந்து சித்தூர்ப் பக்கம் போனது. அதன் சத்தம் முழுக்க அடங்கும்வரை அவன் யோசித்தான். பிறகு கேமராவை மூடிப் பைக்குள் வைத்தான்.

"வீடியோவே வேண்டாம். சும்மா ஒருக்கா ஓட்டிப் பாரு. நமக்குள்ள இருக்கட்டும்."

அவளுக்கு ஓட்ட வேண்டும்போல் இருந்தது. எதிரே வெறிச்சோடிய சாலை, திறந்த கூரை, காலடியில் காத்திருக்கும் எஞ்சின். ஒரே ஒரு தடவை மூன்றாவது கியர்வரை கொண்டுபோனால்கூடப் போதும். அப்படி ஓட்டிவிட்டால் மீதி ஆயுசுக்கும் இந்தப் பேச்சைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும் தெரிந்தது.

"நமக்குள்ள ஓட்டினது போதுமுங்க."

இறங்கிச் சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். பிரதீப் இரண்டாவது கியரிலேயே காரைத் திருப்பிக்கொண்டு போனான். எஞ்சின் அடுத்த கியரைக் கேட்டுக் கதறிக்கொண்டே வந்தது. அவளுக்கு அது உள்ளங்காலில் கேட்டது. கியரை மாற்றச் சொல்லவில்லை.

வாசலிலேயே நின்றிருந்த பூபதிராஜாவின் முகம் காரைக் கண்டதும் மலர்ந்தது. நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"சார் கையின்னா சும்மாவா," என்றார். அவளைப் பார்த்தும் சிரித்தார். "இப்படி உக்காந்துட்டு வந்தா எந்தப் பிரச்சனையும் இல்லைங்க பாருங்க."

யோகப்பிரியா இறங்கி, கதவை அடித்துச் சாத்தாமல், அது தானாகப் போய்ப் பொருந்தும்படி மெதுவாகத் தள்ளி மூடினாள்.